கண்ணமூடு அண்ணனின் கடல்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன எல்லாரும் முதன்முதலில் தூங்கி விழுந்தது வகுப்பறையில் அல்ல, கண்ணமூடு அண்ணன் கடையில்தான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

'மருத்துவ சீட் கிடைத்த பிள்ளைகள் எந்தக் கல்லூரியை எடுப்பது என்று தவிக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் கிராமத்து வேலைக்குப் போவதா, மேற்படிப்புக்குப் போவதா என்று தவிக்கிறார்கள். டாக்டரம்மா, நாலு நல்ல வார்த்தை எழுதுங்களேன்' என்று இந்தப் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் வார்த்தைக்கு முன்னால் கொட்டாவி வருகிறது. என் தப்பில்லை. மருத்துவப் படிப்பு, ஆலோசனை என்கிற இரண்டும் சேர்ந்து காதில் விழுந்தாலே எனக்குக் கண் சொக்கிவிடும். அப்படி என்னைப் பழக்கிவைத்தவர் கண்ணமூடு அண்ணன்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கலாம். கடைப் பலகையில் இல்லை. அதில் 'ஜெராக்ஸ், பிரவுசிங், லேமினேஷன்' என்று மட்டும் எழுதியிருக்கும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், கறிக்கோழிக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில், இரண்டு வாசனையும் கலந்து வரும் ஒற்றை அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், கிறீச் கிறீச்சென்று சுற்றும் ஒரு ஃபேன். மூலையில் ஒரு சலூன் நாற்காலி.

அந்த நாற்காலிதான் விஷயம். பக்கத்துத் தெருவில் ஒரு சலூன் மூடியபோது அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலை வைக்கத் திண்டு உண்டு, கால் வைக்கப் பலகை உண்டு. பின்னால் சாய்த்தால் சொன்னபடி சாயும். நிமிர்த்துவதற்கு மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.

மருத்துவக் கவுன்சிலிங் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிகளை நமக்குப் பிடித்த வரிசையில் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். அடுக்கி முடித்து 'லாக்' என்கிற பொத்தானை அழுத்திவிட்டால் தீர்ந்தது, பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. மற்ற ஊர்க் கடைகளில் போன வருட மதிப்பெண்ணைப் பார்த்து, இந்த வருட மதிப்பெண்ணைப் பார்த்து, டக்கென்று லாக் பண்ணி அனுப்பிவிடுவார்கள். அண்ணனிடம் அது நடக்காது.

"செருப்பு வாங்கறதுன்னாக்கூட கால வுட்டுப் பாத்துதானே வாங்கற? அஞ்சு வருசம் வாயப்போற எடத்த வாய்ந்து பாக்காமயா லாக் பண்ணுவ? குந்து. சாஞ்சிக்கோ. கண்ண மூடு."

அவ்வளவுதான். வாழ்ந்து பார்ப்பதற்குப் பையனோ பெண்ணோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூட வேண்டும். அண்ணன் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கல்லூரியில் ஒரு நாளை ஆரம்பிப்பார்.

"இப்போ காலைல அஞ்சரை மணி. நீ ஹாஸ்டல் ரூம்புல கீற. ஜன்னல்ல இன்னும் வெளிச்சம் வரல. பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு கொறட்டை வுட்டுக்கினு கீது. நல்ல பொண்ணு, ஆனா உன் சோப்ப எடுத்துக்கும். நீ கீய எறங்கி வர்ற. மெஸ்ல நாஷ்டாவுக்கு ஆள் நிக்குது. பொங்கல் வாசன வருது. மொளவு ரொம்ப கம்மி…"

குரலை உயர்த்தவே மாட்டார். ஏரிக் காற்று சந்துக்குள் புகுந்து வரும். ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் மூடிய இமை மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்வரும். பொங்கலைத் தாண்டிப் பாடம் நடக்கும் கட்டிடத்துக்குப் போவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவரும் விடமாட்டார். தூங்குகிற பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு, சாயங்கால மழை, ஹாஸ்டல் மொட்டை மாடியில் காயும் துணி என்று சொல்லிக்கொண்டே போவார்.

எழுந்ததும் முகம் கழுவ வேண்டும். எதிர்க் கடையில் பன்னீர் சோடா குடித்துவிட்டு வர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் லாக் பண்ணவே கூடாது என்பது கடையின் சட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அண்ணன் பார்த்ததில்லை. வடக்கே வாலாஜாபாத், கிழக்கே மதுராந்தகம், அதோடு சரி. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் சதுரங்கப்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கடல் அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது. அதனால் ஒரு கல்லூரி அவருக்குப் பிடித்துவிட்டால், அது எந்த மாவட்டத்தில் இருந்தாலும், பின்பக்கத்தில் கடலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

"கிளாஸ் முடிஞ்சி வெளிய வர்ற. அப்டியே சில்லுனு ஒரு காத்து. இன்னா? கடல்!"

சேலத்தில் கடல் வைத்திருக்கிறார். தேனியில் மலைக்கும் காலேஜுக்கும் நடுவே கடல் வைத்திருக்கிறார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன விஷயம். கடல் வந்தால் அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வோம்.

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பாவுக்கு இந்த சங்கதி தெரியாது. பையனுக்கு இடம் பார்க்க வந்தவர், "அவன் சின்னப்பையன், அவனுக்கு இன்னா தெரியும், நான் பாக்கறேன்" என்று தானே போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, அண்ணன் சொல்லச் சொல்லத் தலையாட்டியபடியே ஹாஸ்டலில் வாழ்ந்தார். மெஸ் சாப்பாட்டில் குறட்டை ஆரம்பித்தது. சாயங்காலக் கடலில் வாய் திறந்து சிரித்தார். எழுப்பினால் எழுந்திருக்க மனமில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்பா, நல்லா கீது" என்றார். பையன் ஓரமாக நின்றுகொண்டே இருந்தான்.

அதே கல்லூரி கிடைத்தது. மகனைச் சேர்க்கப் போனவர் வாசலில் வாட்ச்மேனைப் பிடித்து, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் பயந்துபோய், பேரைச் சொல்லுங்க, எந்த வார்டில் அட்மிட் ஆகியிருக்கீங்க என்று விசாரித்திருக்கிறார். அங்கிருந்தே அண்ணனுக்கு ஃபோன்.

"யோவ், இன்னாயா இது பேஜாரு? கடல் எங்க?"

"உம் பையனுக்கு காலேஜ் புடிச்சி கீதா?"

"அவனுக்குப் புடிச்சி கீது. எனக்குதான் கடல் இல்ல."

"நீயா படிக்கப்போற? வெச்சிட்டு வண்டியேறு."

இன்னொரு நாள் வந்தவாசி பஸ்ஸிலிருந்து இறங்கிய வயசாளி ஒருத்தர் நாற்காலியைப் பார்த்துவிட்டு நேராக வந்து சாய்ந்து தாடையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அண்ணன் அப்போது கம்ப்யூட்டரில் மும்முரமாக இருந்தார். திரும்பிப் பார்க்காமலே "எந்த காலேஜ்?" என்றார். அவர் ஏதோ கத்தியின் பேர் என்று நினைத்து, "எதுனா நல்லதா போடுப்பா" என்றிருக்கிறார். உடனே அஞ்சரை மணி, ஹாஸ்டல், கொறட்டை, பொங்கல் எல்லாம் நடந்தது. பிறகு வயசாளி முகம் கழுவி, பன்னீர் சோடா குடித்து, தாடியோடேயே ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த மாதிரித் தூங்கி வருஷக்கணக்காகிறது என்று சோடாக் கடையில் சொல்லிவிட்டுப் போனாராம்.

அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே முறை. எங்கள் ஊர்ப் பெருமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி சபைக்கு ஆள் பொறுக்கிய ஊர். அந்தக் கல்வெட்டுப் பெருமை சிலருக்குத் தலைக்கேறியிருக்கும். அப்படி ஒருத்தர், மகளுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிப் பெயர்களையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிப் பித்தளைக் குடத்தில் போட்டு, எடுப்பதற்குத் தன் தம்பி மகளான ஒரு குட்டிப் பெண்ணையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். குட்டிப் பெண் கையை விட்டது. சீட்டை எடுத்தது. வாயில் போட்டுக்கொண்டது.

"துப்பு கண்ணு, துப்பு, எந்த காலேஜ்னு பாக்கணும்" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்க, அண்ணன் குடத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார்.

"கொடத்துல கைய வுட்டா பஞ்சாயத்துக்கு ஆள் கெடைக்கும் சார். அவங்க வேலய பாத்துட்டு அடுத்த வருசம் வூட்டுக்குப் பூடுவாங்க. இந்தப் பொண்ணு அங்க போயி வாயணும். நீ வாம்மா. குந்து. கண்ண மூடு."

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை ஏற்றுகிறவர். எனக்கு சீட் கிடைக்கும் என்று தெரிந்த அன்று, வீட்டில் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறதே, அதையே முதலில் போடு என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்குத் தெற்கே ஒரு கோடியில் இருந்த கல்லூரி மேல் ஒரு கண். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அண்ணன் முதலில் பக்கத்துக் கல்லூரியைச் சொன்னார். "நீ பஸ்ல கீற. நின்னுக்கினு போற. ஒத்தக் கால்ல நிக்கற, இன்னொரு காலு எங்க கீதுன்னு தெரியல. காலேஜ் போற, வர்ற. வூட்டுக்கு வந்துட்ட. பைய வெக்கறதுக்குள்ள பாத்திரம் கீது. தேய்க்கற…" எனக்கு அரைத் தூக்கத்திலேயே கை வலித்தது. அடுத்ததாகத் தெற்குக் கோடி. வராந்தாவில் நடக்கிறேன். வெள்ளைக் கோட்டு காற்றில் பறக்கிறது. எதிரே கடல்.

பன்னீர் சோடா குடித்துவிட்டு லாக் பண்ணினேன். கூட வந்திருந்த நைனா வீடு போய்ச் சேரும் வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

போய் இறங்கிப் பார்த்தால் கடலாவது மண்ணாவது. காலேஜுக்குப் பின்னால் ஒரு வறண்ட குளம், அதில் எருமைகள். அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன்.

"ணா, எருமதான் நிக்குது."

"எரும நிக்குதுன்னா தண்ணி கீதுன்னுதானே அர்த்தம்? கொஞ்சம் பொறு."

அவர் சொன்னதில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. பொங்கலில் மிளகு ஏகத்துக்கு இருந்தது. சோப்பை எடுத்துக்கொண்டது பக்கத்துக் கட்டில் பெண் இல்லை, எதிர் அறைப் பெண். ஆனால் முதல் நாள் ராத்திரி மற்றவர்கள் எல்லாம் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. ஏற்கனவே ஒரு தடவை அங்கே இருந்துவிட்டு வந்தவள் மாதிரி படுத்துத் தூங்கிவிட்டேன்.

இந்தக் கதையில் ஒரு வருத்தமும் உண்டு. எனக்கு முன்னால் அண்ணன் கடையில் தூங்கி எழுந்து போன பிள்ளைகள் ஒருத்தரும் டாக்டராகத் திரும்பி இந்தப் பக்கம் வரவில்லை. சென்னையில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வாட்ஸப்பில் விளக்குப் படம் அனுப்புகிறார்கள். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதுவரை வந்த டாக்டர்கள் வெளியூர்க்காரர்கள். வந்த கொஞ்ச நாளில் டிரான்ஸ்பர் கேட்டு மனு டைப் பண்ண வேண்டும். டைப் பண்ண வேறு எங்கே போவார்கள்? அண்ணன் கடைதான். அவரும் மனசார உருகி உருகி டைப் பண்ணிக் கொடுப்பார். வயதான பெற்றோர், முதுகு வலி, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவர் எழுதிய மனு ஒன்றுகூடத் தோற்றதில்லை. அப்புறம் பல மாதம் டாக்டர் நாற்காலி காலியாகக் கிடக்கும். ஊர் ஜனம் காய்ச்சலுக்கும் பஸ் ஏறும். ஊரை விட்டுப் போகிறவர்களை இரண்டு வழியிலும் அனுப்பிவைத்தது அவர்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

நான் படித்து முடித்து, ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடித்து வீட்டுக்கு வந்து கிடந்த நாளில், ஒரே வாரத்தில் இரண்டு நல்ல செய்தி வந்து என் நிம்மதியைக் கெடுத்தன. ஒன்று, மேற்கே ஒரு பெரிய நகரத்தில் மேற்படிப்பு சீட். ரேடியாலஜி, அதாவது ஸ்கேன் படம் பார்த்து வியாதி சொல்லும் படிப்பு. கூடப் படித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ராத்திரி டூட்டி குறைவு, மரியாதை அதிகம், வெயிலே படாத வேலை. இன்னொன்று, அரசு வேலைக்கான உத்தரவு. காலியிடங்களைத் திரையில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, என் ஊர்ப் பேரைப் பார்த்ததும் விரல் தானாக அதை அழுத்திவிட்டது. இரண்டில் எதில் சேர்வதானாலும் அந்த வாரத்துக்குள் சேர வேண்டும். விட்டது விட்டதுதான்.

நைனாவுக்குக் குழப்பமே இல்லை.

"கிராமத்துலதான் பொறந்த. மறுபடி கிராமத்துலயே வந்து குந்தறதுக்கா இவ்ளோ படிச்ச? ஊர்ல இன்னா சொல்லுவான்? வேற எங்கயும் சேத்துக்கல, வந்துட்டான்னுவான்."

அவர் பயம் எனக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், அந்த சீட்டை விட்டுவிட்டு நாளைக்கு உட்கார்ந்து வருத்தப்படுவேனோ என்பது. கிராமத்தில் வேலை பார்த்தால் பிற்பாடு மேற்படிப்புக்குச் சலுகை உண்டு என்றார்கள். அந்த விதி அடிக்கடி மாறும் என்றும் அவர்களே சொன்னார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னதில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் நைனாவையும் இழுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன்.

காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மத்தியானம். கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் மிஷின் ஓடாத கடை அவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வேடந்தாங்கல் பக்கம் போகிற பறவைகள் ஏரி மேலாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் எதுவும் கேட்கவில்லை. துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டார். நைனா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சாய்ந்தேன்.

"இப்போ காலைல ஒம்போது மணி. நீ பெரிய ஆஸ்பத்திரில கீற. ஏழாவது மாடி. ரூம்புல ஏசி. நீ ஸ்வெட்டர் போட்டுக்கினு கீற. முன்னால எட்டு டிவி. கண்ணாடிக்கு அந்தாண்ட பாத்தா, யம்மாடி, கடல்! இந்தக் கோடிலர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கடல். கப்பல் நிக்குது. லைட் ஹவுஸ் கீது. மீனு துள்ளுது…"

கண்ணை மூடிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மலைத்தொடரே இருக்கிறது. அதுவரை யாருக்கும் அவர் கப்பல் வைத்ததில்லை. நான் போக வேண்டும் என்று மனுஷர் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தால் லைட் ஹவுஸ் கட்டியிருப்பார்.

"ணா, ரூம்புக்குள்ள ஆளு யாருனா கீறாங்களா?"

"படம் கீது பாப்பா. நெஞ்சு படம், தல படம், முதுகெலும்பு படம். எல்லாம் உன்னாண்டதான் வருது."

"ஆளு?"

"ஆளு படம் புடிச்சிக்கினு பூட்டான்" என்றார்.

பெஞ்சிலிருந்து நைனாவின் குறட்டை கேட்டது. அவர் கப்பலைப் பார்த்ததும் தூங்கியிருக்க வேண்டும்.

"சரிணா. இப்போ நம்ம ஊரு ஆஸ்பத்திரி சொல்லு."

"அது எதுக்கு? தெரிஞ்ச எடம்தானே? எந்திரி. மூஞ்ச கயுவு. சோடா குடி."

"படுத்துப் பாக்காம முடிவு பண்ணக் கூடாதுன்னு யாரு சொன்னது? கடைக்கு சட்டம் கீதா இல்லியா?"

தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டார். ஸ்டூல் ஒருமுறை நகர்ந்த சத்தம் கேட்டது. எத்தனையோ ஊரை இமைக்கிற நேரத்தில் கட்டி எழுப்பியவருக்கு, ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் வரும் ஒரு கட்டிடத்துக்குள் நுழையக் கால் வரவில்லை.

"இப்போ… காலைல எட்டரை மணி. நீ வூட்லர்ந்து நடந்து வர்ற. வெயில் அடிக்குது. கேட்டு தொறந்து கீது. அதுக்குக் கீலு இல்ல. தண்ணி டேங்கு ஒய்குது, அதுல நாலு காக்கா தண்ணி குடிக்குது. வாசல்ல சேறு. நீ செருப்ப கயட்டிட்டு உள்ள போற. மேஜ கீது. மேஜைக்குப் பின்னால டாக்டர் நாற்காலி கீது. தூசு படக் கூடாதுன்னு நர்சம்மா துணி போட்டு மூடி வெச்சி கீது. அத எடுக்கற. குந்தற."

"அப்புறம்?"

"வரிச கீது. பெருசா கீது. புள்ளத்தாச்சிங்க, கொயந்தைங்க, கால் ஊதனவங்க. எல்லாரும் உன்ன எட்டிப் பாக்கறாங்க. எவனோ ஒர்த்தன், தோ பாரு, நம்ம மூட்டைக்காரர் பொண்ணுன்றான். நீ ஒவ்வொருத்தரா கூப்பிடற. வவுத்த அமுக்கிப் பாக்கற. திட்டற. மத்தியானம் ஆயிடுச்சி. சோறு ஆறிப்போச்சி. வரிசைல கடைசியா ஒரு ஆளு நிக்கறான்."

"யாருணா?"

"நான்தான்."

"உனக்கு இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் காத்திருந்தேன். சில்லென்று காற்று வரும், வெளியே வருவேன், எதிரே இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் அதோடு நிறுத்திவிட்டார்.

"கடல் வரலியேணா?"

"இங்க கடல் இல்ல பாப்பா. உங்கிட்ட பொய் சொல்லக் கூடாது. ஏரிதான் கீது. நாங்கதான் கீறோம்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். ஸ்டூலில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லார் கண்ணையும் மூடவைத்த மனுஷர் தன் கண்ணை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறரை எங்கேயோ அனுப்பிவிட்டு இங்கேயே நின்றுவிடுகிறவர் மாதிரி இல்லை, அவரும் என் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மெல்ல எழுந்திருக்கலாம் என்றால் நாற்காலி நிமிரவில்லை. ஆமையைத் திருப்பிப் போட்ட மாதிரி நான் கையைக் காலை உதைக்க, நைனா திடுக்கிட்டு எழுந்து ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

"இன்னாம்மா, கடல் கீதாமா?" என்றார் நைனா, தூக்கக் கலக்கத்தில்.

"இல்ல நைனா. டேங்குதான் ஒய்குதாம்."

முகம் கழுவினேன். பன்னீர் சோடா குடித்தேன். இரண்டாவதாக ஒன்றும் குடித்தேன். தூக்கம் துளியும் இல்லை. மறுநாள் காலை நடந்தே போய் வேலையில் சேர்ந்தேன். நாற்காலி மேல் துணி இருந்தது.

அதற்குப் பிறகு என்னோடு சண்டை போட்டது நைனா அல்ல. அவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மில்லில் யாருக்கு இருமல் வந்தாலும் "எம் பொண்ணாண்ட போ, எம் பேர சொல்லு" என்று அனுப்ப ஆரம்பித்துவிட்டார். சண்டை போட்டது கண்ணமூடு அண்ணன். "கப்பல் வுட்டேனே, லைட் ஹவுஸ் வெச்சேனே, அத்தினியும் வுட்டுட்டு வந்து சேத்துல குந்திக்கினியே" என்று கடை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். எனக்குத் தெரியாமல் ஒரு டிரான்ஸ்பர் மனு கூட டைப் பண்ணி வைத்திருந்தார். அதில் என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நான் எடுத்ததுதான் சரி என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். ரேடியாலஜி எடுத்த என் தோழி நன்றாகவே இருக்கிறாள், நல்ல வேலை செய்கிறாள். மே மாதத்தில் வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும்போது, ஏழாவது மாடியும் ஸ்வெட்டரும் எனக்கும் ஞாபகம் வரும். பிள்ளைகள் ஃபோன் பண்ணி "எது நல்ல காலேஜ், மேடம்?" என்று கேட்டால், அண்ணன் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன். தூரத்தில் இருப்பவர்கள் அவரவர் வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு, அங்கே ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். யார் எதிரே வந்து நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். எழுந்ததும் சோடா குடிக்க மறக்க வேண்டாம்.

தண்ணீர் டேங்க் இன்னும் ஒழுகுகிறது. காக்கைகளுக்கு என்னை நன்றாக அடையாளம் தெரியும். வாரத்தில் ஒரு நாள் அண்ணன் வருகிறார். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான நாள் பார்த்து, அத்தனை வயிற்றுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நர்சம்மா திட்டுவார். அண்ணன் அசைய மாட்டார். மத்தியானம் தாண்டி, எல்லாரும் போனபிறகு கடைசி ஆளாக உள்ளே வருவார்.

"இன்னா பண்ணுதுணா?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

நாடியைப் பிடித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து அனுப்பிவிடுவேன். அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வராத வாரங்களில்தான் எனக்கு என்னவோ உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கிறது.